சிவப்புப் பட்டை அலமாரி

எங்கள் கல்லூரியில் ஸ்டாஃப் மீட்டிங் என்றால் கடைசி வரிசையில் இரண்டு நாற்காலி எங்களுக்கென்றே இருக்கும். ஒன்று எனக்கு. நான் சசிரேகா, உடற்கல்வி இயக்குநர், பிள்ளைகளுக்கு பி.டி. மேடம். இன்னொன்று நூலகர் ஏஞ்சலுக்கு. நாங்கள் இருவரும் எந்தத் துறையிலும் சேராதவர்கள். ரிசல்ட் நன்றாக வந்தால் பாராட்டு எங்கள் பக்கம் வராது. இடம் பற்றாக்குறை வந்தால் மட்டும் முதலில் எங்கள் அறையைத்தான் வந்து அளப்பார்கள்.

என் அறையை எப்போதோ பிடுங்கிக்கொண்டார்கள். கேரம் போர்டுகள் இப்போது மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. நான் கத்தினேன், சண்டை போட்டேன், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். ஏஞ்சல் கத்தமாட்டாள். விடவும் மாட்டாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஏஞ்சல் மானாம்பதிப் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் அவளைப் படிக்க வைத்தார்கள். பி.ஏ. படித்தபோது அவள் சொந்தமாக ஒரு புத்தகம் வாங்கியதில்லை. கல்லூரி நூலகத்தில் இருந்த ஒரே பிரதியை நம்பித்தான் படிப்பு. கடைசி வருஷம் பரீட்சை நெருங்கியபோது அந்தப் பிரதி காணாமல் போய்விட்டது. வசதியான வீட்டுப் பையன் ஒருவன், தான் மட்டும் படிப்பதற்காக, அதை விலங்கியல் புத்தகங்களுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தான். அவனுக்கு நல்ல மார்க். இவளுக்கு அரியர். "அந்த அரியரை அப்பறமா எழுதி பாஸ் பண்ணிட்டேங்க்கா. ஆனா அந்தக் கோவம் இன்னும் அப்படியே கீது" என்பாள். நூலக அறிவியல் படித்து முடித்து, கல்யாணமாகி, கணவர் ஜான்சனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை கிடைத்தபோது அவளும் எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள். வந்த முதல் வாரமே சிவப்பு டேப் ஒரு கட்டு வாங்கினாள்.

செமஸ்டர் தொடங்கும்போதெல்லாம் ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டாயம் தேவையான புத்தகம் எது என்று ஆசிரியர்களைத் துரத்தித் துரத்திக் கேட்பாள். அவற்றில் ஓரிரு பிரதிகளின் முதுகில் சிவப்புப் பட்டை ஒட்டித் தன் மேசைக்குப் பக்கத்திலேயே தனியாக வைத்துவிடுவாள். சிவப்புப் பட்டை ஒட்டிய புத்தகம் யார் வீட்டுக்கும் போகாது. அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனதும் காத்திருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். துறைத்தலைவர் ஒருவர் ஒரே ஒரு நாளைக்கு என்று கெஞ்சிப் பார்த்தார். "நீங்களும் மேசையில உக்காந்து படிங்க சார், ஃபேன் போட்டு விடறேன்" என்றாள். மனிதர் ஒரு வாரம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

பெருநகரிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் கல்லூரி தொடங்க வெகுநேரம் முன்பே வந்து மரத்தடியில் நிற்பார்கள். அதனால் அந்த பஸ் வரும் நேரத்துக்கே நூலகத்தைத் திறந்துவிடுவாள். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் மேசை நாற்காலி கிடையாது. அவர்களுக்குப் புத்தகமும் அங்கேதான், உட்கார இடமும் அங்கேதான்.

அவள் போட்ட இன்னொரு விதி போகியால் வந்தது. எங்கள் பக்கம் போகிக்கு ஊரே பழசைக் கொளுத்தும். புத்தகத்தைக் கொளுத்த மட்டும் யாருக்கும் மனசு வராது, சரஸ்வதியாயிற்றே. அதனால் போகிக்கு முந்தின வாரம் நூலக வாசலில் சாக்கு மூட்டைகள் வந்து இறங்கும். பழைய கைடு, பாதி கிழிந்த பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, ஒருமுறை ஒரு குக்கரின் வாரண்டி கார்டுகூட வந்தது. எல்லாம் நன்கொடை! கொடுத்தவர் பொங்கல் முடிந்து வந்து, "என் பொஸ்தகத்த எங்க வெச்சிக்கீறீங்க?" என்று அதட்டல் வேறு.

ஏஞ்சல் விதியை எழுதி, நூலகக் குழுவில் நிறைவேற்றி, பெரிய எழுத்தில் அச்சடித்துக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கொடுத்த புத்தகத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை நூலகம்தான் முடிவு செய்யும். யாருக்கும் தனி அறையோ தனி அலமாரியோ கிடையாது. கொடுத்தவர் பெயர் புத்தகத்தின் உள்ளே, முதல் பக்கத்தில் மட்டும் இருக்கும். பிரின்சிபால் தமிழ்வாணன் சார் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்லவர்தான். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத நல்லவர். அப்படிப்பட்டவரிடம் வேலை பார்ப்பது பெரிய பேஜார்.

இனி ராஜாராம். பெருநகரில் நிலபுலன் உள்ள குடும்பம். கல்லூரி நிர்வாகக் குழுவில் இருக்கிறார். வளாகத்தில் நாங்கள் குடிக்கிற தண்ணீர் அவர் போட்டுக் கொடுத்த போர்வெல் தண்ணீர். அவருடைய அப்பா வெங்கடேசன் கணக்கு வாத்தியாராக இருந்தவர், போன கோடையில் காலமானார். வீடு நிறையப் புத்தகம் வைத்திருந்தவர். அப்பா பெயரில் கல்லூரியில் ஏதாவது இருக்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை. ஆசையில் தப்பில்லை. வாசிப்புக் கூடத்தில் பாதியை ஒதுக்கி, கண்ணாடி அலமாரிகள் போட்டு, அப்பாவின் புத்தகங்களை உள்ளே பூட்டி, அதற்கு நினைவு நூலகம் என்று பெயர் வைக்க வேண்டும் என்றார் பாருங்கள், அங்கேதான் வம்பு. ஏஞ்சல் கதவுப் பக்கம் ஒட்டியிருந்ததைக் காட்டினாள். "பாத்துக்கலாம்மா" என்று சிரித்துக்கொண்டே போனார். பெரிய மனிதர்கள் அப்படிச் சிரித்தால் நான் நம்பமாட்டேன்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள். ஏஞ்சலை ஏனாத்தூரில் நடந்த நூலகர்களுக்கான பயிலரங்குக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கென்று அனுப்பியது தற்செயலா என்று என்னைக் கேட்காதீர்கள், என் வாய் சும்மா இருக்காது. காலையிலேயே டெம்போ வந்தது. இரண்டு கண்ணாடி அலமாரிகள். கண்ணாடியில் கொட்டை எழுத்தில் 'வெங்கடேசன் நினைவு நூலகம்'. பின்னாலேயே சாக்கு மூட்டைகள். வாசிப்புக் கூடத்து மேசைகளைத் தூக்கி வராந்தாவில் போட்டார்கள். பிரின்சிபால் மைக்கைப் பிடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி, ஊர்க் கோயிலில் இருக்கும் பழைய கல்வெட்டின் பெருமையிலிருந்து ஆரம்பித்தார்.

போட்டோ எடுக்கும்போதுதான் சிக்கல். மூட்டையைப் பிரித்தால், வாத்தியாரின் புத்தகங்கள் அட்டை போய், கரையான் அரித்து, தையல் பிரிந்து தொங்கின. கண்ணாடிக்குள் வைத்தால் பார்க்கச் சகிக்காது. "நல்லதா நாலு அடுக்குக்கு எடுத்தாங்கப்பா" என்று பிரின்சிபால் சொல்ல, அட்டெண்டர் கோபால் நல்லதாக, புதிதாக, கைக்கு எட்டுகிற இடத்தில் எது இருந்ததோ அதைக் கொண்டுவந்தார். சிவப்புப் பட்டைப் புத்தகங்கள் மொத்தமும். உள்ளே அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, போட்டோ எடுத்தார்கள். ராஜாராம் அலமாரிகளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தீபாவளி கழிந்து யாரோ பெரிய ஆளை அழைத்து வந்து முறைப்படி திறப்பாராம், அதுவரை யாரும் தொடக்கூடாதாம். மைதானத்தில் கபடிப் பிள்ளைகளோடு இருந்த நான் விஷயம் தெரிந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்து, சுண்டல்கூடக் காலி.

தீபாவளி கழிந்த கையோடு செமஸ்டர் பரீட்சை. பிள்ளைகள் நம்பியிருந்த புத்தகம் எல்லாம் கண்ணாடிக்குள்ளே.

விடுமுறை முடிந்து திறந்த அன்று நல்ல மழை. வராந்தாவில் கிடந்த மேசைகள் ஊறிப்போயிருந்தன. ஏஞ்சல் வாசலில் நின்று ஒருமுறை பார்த்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு முதல் மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை நான் பிடித்தேன். அலமாரிகள் போக மிச்சமிருந்த இடத்தில் எல்லா மேசைகளையும் நெருக்கிப் போட்டுத் துடைத்தோம்.

முதல் பஸ்ஸில் வந்த ஆதிலட்சுமி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பி.காம். கடைசி வருஷம். அவளுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். "மேடம், காஸ்ட் அக்கவுண்டிங் புக்கு வெங்கடேசன்ல மாட்டிக்கினு கீது. கண்ணுக்குத் தெரியுது, எடுக்க முடியல" என்றாள். அதற்குள் பிள்ளைகள் அலமாரிக்குப் பெயரே வைத்துவிட்டிருந்தார்கள்.

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. "ஏஞ்சல், என்கிட்ட ஷாட்புட் குண்டு கீது. ஒரே அடி, கண்ணாடி தூள்" என்றேன்.

கோபால் பதறிப்போனார். "ஐயோ மேடம், பூஜை போட்ட அலமாரி. சாமி குத்தம் ஆயிடும். அதுவும் இவங்க..." என்று ஏஞ்சலைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்டது எங்களுக்குப் புரிந்தது. வேதக்காரப் பெண் சரஸ்வதி பூஜை அலமாரியில் கைவைத்தாள் என்று ஊர் பேசும். அப்புறம் சிவப்புப் பட்டையும் இருக்காது, ஏஞ்சலும் இருக்கமாட்டாள்.

"ஒடைக்க வாணாம். தெறக்கணும்" என்றாள் ஏஞ்சல்.

ராஜாராமுக்குப் போன் போட்டாள். "நல்ல காரியத்துல அவசரப்படக் கூடாதும்மா, தீபாவளி கழியட்டும்" என்று வைத்துவிட்டார். பிரின்சிபாலிடம் போனாள். அவர் கையைப் பிசைந்தார். "நான் எப்படிம்மா அவர்கிட்ட கேக்கறது? அவர் தண்ணிய குடிக்கறோமே" என்றார். ஏஞ்சல் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் 'சரி' என்று சொன்னால் அடுத்ததை யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அக்கா, வண்டிய எடுங்க. பெருநகர் போவணும்."

"சண்டைக்கா?" என்றேன் ஆசையாக.

"இல்லக்கா. ஒரு விஷயம் கேட்டுக்கினு வரணும்."

ராஜாராம் தீபாவளி வரை சொந்த ஊரில்தான் தங்கியிருந்தார். நாங்கள் போனபோது பம்ப்செட் பக்கம் போயிருந்தார். அவர் மனைவி ஆண்டாளம்மாள் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். எனக்குக் கொடுத்த அதே மாதிரி டம்ளரில்தான் ஏஞ்சலுக்கும் கொடுத்தார். இந்த மாதிரி இடங்களில் நான் அதைக் கவனிப்பேன். கவனித்தபின் எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது.

ஏஞ்சல் குறை எதுவும் சொல்லவில்லை. "அம்மா, சரஸ்வதி பூஜையில வெச்ச புக்கை மறுநாள் எடுத்துப் படிக்கணும் இல்ல?" என்று கேட்டாள்.

"இன்னா கண்ணு இப்பிடி கேக்கற? விஜயதசமி அன்னிக்கு ஒரு வரியாச்சும் படிக்காம வுடக்கூடாது. அப்பத்தான் பூஜை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"சார் பூட்டிக்கினு வந்துட்டாரும்மா. பூஜையில வெச்ச புக்கு எல்லாம் உள்ளியே கீது. பசங்க ஒருத்தரும் எடுத்துப் படிக்கல."

ஆண்டாளம்மாள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். "பொட்டு வெச்ச பொஸ்தகம் இன்னும் பூட்டிக் கீதா?"

அந்த நேரம் பார்த்து ராஜாராம் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. "ஏம்மா, நீ வேதக்காரப் பொண்ணு. உனக்கெதுக்கு எங்க பூஜை கணக்கு?" என்றார்.

"நானும் பள்ளிக்கூடத்துல பூஜையில வெச்சிக்கீறேன் சார். கணக்கு புக்கைத்தான் வெப்பேன், அன்னிக்கு முழுக்க படிக்க வாணாமேன்னு. மறுநாள் எடுத்துத்தான் ஆவணும், வுடமாட்டாங்க" என்றாள் ஏஞ்சல். குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை.

"நல்ல ஆளை கூப்ட்டு, நல்ல நேரம் பாத்து..." என்று அவர் ஆரம்பித்ததை ஆண்டாளம்மாள் முடிக்க விடவில்லை. "சரஸ்வதிய பூட்டிப் போட்டுட்டு வந்து உங்களுக்கு நல்ல நேரம் ஒரு கேடா? கணக்கு வாத்தியார் புள்ள செய்யற வேலையா இது? நாளைக்கு காலையில நானும் வரேன். சாவிய எடுங்க" என்றார்.

திரும்பி வரும்போது, "பெரிய ஆளுதான்டி நீ, நல்லா மடக்கிட்ட" என்றேன். "நான் ஒரு பொய்யும் சொல்லலியேக்கா. அவங்க வழக்கத்த அவங்களுக்கு ஞாபகப்படுத்தினேன்" என்றாள்.

மறுநாள் காலை அலமாரிகள் திறந்தன. ஆண்டாளம்மாள் முன்னால் நின்று, "ஆளுக்கு ஒண்ணு எடுங்க, ஒரு வரி படிங்க" என்றார். முதலில் ராஜாராமையே எடுக்கச் சொன்னார். அவர் கையில் வந்தது காஸ்ட் அக்கவுண்டிங். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நேரடிச் செலவு, மறைமுகச் செலவு என்று ஏதோ ஒரு வரியைத் திக்கித் திக்கிப் படித்தார். பிறகு பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஒருத்தி வேதியியல் படிக்கிறாள், ஒருவன் சரித்திரம் படிக்கிறான், கோபால் கம்ப்யூட்டர் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுகிறார். அமைதி காக்கவும் என்று பலகை மாட்டிய கூடத்தில் அத்தனை சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஏஞ்சல் யாரையும் அதட்டவில்லை. ராஜாராமின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிய ஆதிலட்சுமி ஒரு வரியோடு நிறுத்தாமல் நேராக மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் முடிந்ததும் ராஜாராம், "சரி, பழையபடி உள்ள வெச்சிப் பூட்டிடுங்க" என்றார்.

ஏஞ்சல் அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். "பூட்ட முடியாது சார்" என்றாள். "சிவப்புப் பட்டை புக்கு பூட்டுக்குள்ள போவாது. உங்க அப்பா புக்குலயும் பசங்களுக்கு ஆவறத மட்டும்தான் எடுத்துக்க முடியும். இந்த இடம் பசங்க உக்கார்ற இடம். இது எனக்காக போட்ட விதி இல்ல, எல்லாருக்கும் ஒண்ணுதான்."

பிரின்சிபாலுக்கு வியர்த்தது. ராஜாராம் நிஜமாகவே கோபப்பட்டார். "இங்க போர்வெல் போட்டது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். தினம் அந்தத் தண்ணிதான் குடிக்கறேன். அந்தக் கொழாய்க்கு நீங்க பூட்டு போடலியே சார்."

ராஜாராம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். ஆண்டாளம்மாள் ஏஞ்சலின் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் பின்னால் போனார்.

ஏஞ்சல் அன்றைக்கே கோபாலை ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வரச் சொல்லிக் கண்ணாடிக் கதவுகளைக் கழற்றவைத்தாள். அலமாரிகளைச் சுவரோரம் ஒதுக்கி, மேசைகளைப் பழைய இடத்துக்கு நகர்த்தினோம். சிவப்புப் பட்டைப் புத்தகங்கள் கதவில்லாத அந்த அலமாரிகளுக்கே குடிபோயின. வாத்தியாரின் மூட்டைகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். நல்ல நிலையில் இருந்த சில கணக்குப் புத்தகங்களையும் ஓர் அகராதியையும் எடுத்துக்கொண்டு, உள்பக்கத்தில் அவர் பெயரை ஒட்டினாள். மிச்சத்தையும், பெயர் எழுதிய கண்ணாடிக் கதவுகளையும், துணி சுற்றிப் பத்திரமாக டெம்போவில் திருப்பி அனுப்பினாள். செத்துப்போன மனிதரின் புத்தகத்தை மகனுக்கே திருப்பி அனுப்ப எனக்குத் தைரியம் வந்திருக்காது. "வாங்கி வெச்சிக்கினு மூலையில போட்டாத்தான்க்கா அவமரியாதை" என்றாள்.

பலன் கைமேல் கிடைத்தது. பிரின்சிபால் அவளுக்கு மெமோ கொடுத்தார். நிர்வாகக் குழுவில் புகார் போனது. ராஜாராம் கல்லூரிப் பக்கமே வரவில்லை. போர்வெல் மோட்டார் பழுதானபோது அவரிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. எல்லாம் ஏஞ்சலால் வந்தது என்று சிலர் நூலகத்துக்குக் கேட்கும்படியாகவே பேசினார்கள். ஏஞ்சல் மெமோவுக்கு, விதியின் பிரதியை இணைத்துப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் பஸ் நேரத்துக்கு நூலகத்தைத் திறந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். ஆதிலட்சுமி காஸ்ட் அக்கவுண்டிங்கில் பாஸ்.

பொங்கல் கழிந்து நிர்வாகக் குழுக் கூட்டம். ராஜாராம் வந்திருந்தார். கூட்டத்துக்கு நேரம் இருந்ததாலோ என்னவோ, நூலக வாசலில் வந்து நின்றார், உள்ளே வரலாமா வேண்டாமா என்பது போல. நான் ஏஞ்சலின் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சண்டை வந்தால் ஒரு கை பார்க்கத் தயாராகத்தான் இருந்தேன்.

உள்ளே முதல் வருஷப் பெண் ஒருத்தி, "அக்கா, பிசினஸ் மேத்ஸ் புக்கு எங்கக்கா?" என்று கேட்டாள்.

ஆதிலட்சுமி படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "வெங்கடேசன்ல கீது, போய் எடுத்துக்கோ. ரெண்டு மணி நேரந்தான்" என்றாள்.

ராஜாராம் ஏஞ்சலிடம் வந்தார். "அந்தப் பொண்ணு இப்ப இன்னா சொல்லுச்சு?"

ஏஞ்சலுக்கே சங்கடமாகிவிட்டது. "அலமாரி பேரு சார். நாங்க வெக்கல, பசங்களா வெச்சிக்கினாங்க. கதவை எடுத்தும் அந்தப் பேரு போவல."

அவர் திரும்பி அந்த அலமாரிகளைப் பார்த்தார். "எங்க அப்பாவ இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்தரும் பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல. வாத்தியாருன்னுதான் சொல்லுவாங்க."

"கோச்சிக்காதீங்க சார். பசங்ககிட்ட சொல்லி வெக்கறேன்."

"வாணாம்மா. கூப்புடட்டும்" என்றார். பிறகு, "ஒரு நாளைக்கு எத்தினி தடவ சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

"பரீட்சை நேரத்துல எண்ண முடியாது சார்" என்றாள் ஏஞ்சல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கோபால் வந்து கூப்பிட்டார். ராஜாராம் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, உட்கார இடம் தேடினார். ஆதிலட்சுமி நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தாள்.